குடியை நிறுத்திய பிறகு



நமது மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவுக்கென்று காணிக்கை அனுப்புகிறவர்களில் பலர், கடிதத்தின் ஓரத்தில் ஒரு கேள்வியையும் எழுதி அனுப்புகிறீர்கள். "எங்கள் சபைச் சகோதரரை மூன்று வாரம் வைத்திருந்து சுகமாக்கி அனுப்பினீர்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் குடிக்கிறாரே, ஏன்?" என்பதே அந்தக் கேள்வி. சிலர் சற்றுக் கண்டிப்பாகவே, இந்த வேலைக்குக் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலாகாதா என்றும் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கிறவர்கள் கேட்கத் தகுந்த கேள்விதான். இம்மடலில் அதற்கு எங்களால் இயன்ற மட்டும் விளக்கம் தருகிறோம்.

குடிப்பவர் குடியை நிறுத்துவது அபூர்வமான காரியமல்ல. லெந்து நாட்கள் நாற்பதும் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்து, உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு மறுநாள் விழுந்து கிடக்கிறவர்களை நம் சபைகளில் எல்லாரும் அறிவோம். அடுத்த தெருவில் மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் காக்கிறவரும் அப்படியே. வீட்டார் இதைப் பார்த்து, "மனசு வைத்தால் முடிகிறது, ஆகையால் வேண்டுமென்றே குடிக்கிறார்" என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால் அந்த நாற்பது நாளுக்கும் ஒரு முடிவு தேதி உண்டு. அந்தத் தேதியை எண்ணிக்கொண்டே அவர் நாட்களைத் தள்ளுகிறார். முடிவு தேதியே இல்லாமல் குடிக்காதிருக்க வேண்டும் என்னும்போதுதான் அவர் தடுமாறுகிறார். குடிநோயின் தன்மையே இதுதான். ஆண்டுக்கணக்கான குடியினால் மூளை வேறு விதமாகப் பழகிப்போயிருக்கிறது. முதல் கிளாசை வேண்டாமென்று சொல்ல அவரால் சில நாள் முடியும். முதல் கிளாஸ் உள்ளே போனபின் இரண்டாவதை வேண்டாமென்று சொல்ல அநேகமாக முடிவதில்லை.

இந்த நோய் எவ்வளவு பரவலானது என்பதற்கு ஓர் அளவு சொல்லுகிறோம். மத்திய சமூக நீதித் துறைக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையினர் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவினால் உண்டாகும் தொல்லைகளுக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் நம் நாட்டில் சுமார் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமைப்பட்ட 38 பேரில் ஒருவருக்கே ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற முப்பத்தேழு பேரும் எங்கே போகிறார்கள்? சுவரொட்டி வைத்தியரிடம் சிலர். குலதெய்வத்தின் முன் கயிறு கட்டச் சிலர். நம் ஜனங்களில் பலர் உபவாச ஜெபத்துக்கு.

இதைக் குறித்துச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதில் உயிராபத்து உண்டு.

தினந்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர் ஒரே நாளில் அதை நிறுத்தினால், ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள்ளேயே கை நடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலிக்கும். சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார். போலீஸ் பிடிக்க வருகிறது என்று கதவுக்குப் பின்னால் ஒளிவார். இல்லாத பூச்சியைப் போர்வையிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி எறிவார். காய்ச்சல் ஏறும், நாடி தறிகெட்டு ஓடும். ஜெபவீட்டில் உபவாசத்தின் மூன்றாம் நாள் ஒருவர் இப்படி ஆனால் சுற்றியிருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. பிசாசு வெளியேறும் நேரம் என்று நினைத்துக் கட்டிப்போட்டு, இன்னும் உரத்த சத்தமாய் ஜெபிக்கிறார்கள். அப்படிக் கட்டின தழும்போடு எங்களிடம் வந்தவர்கள் உண்டு. வராமலே போனவர்களும் இருக்கக்கூடும். இது மருத்துவத்தால் தடுக்கக்கூடிய நிலை. சிகிச்சையின்றி விட்டால் சாவில் முடியக்கூடிய நிலை. டயசெபாம் போன்ற மாத்திரைகளை முதல் நாளில் கூடுதலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து ஒரு வாரத்தில் நிறுத்துகிறோம். கூடவே தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசி. இந்த ஊசியைக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே போடவேண்டும். குடிப்பவர்களின் உடம்பில் அந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் விட்டால் நடை தள்ளாடி, கண் அசைவு கெட்டு, ஞாபகசக்தி நிரந்தரமாய்ப் போய்விடக்கூடும். விலை குறைந்த மருந்துதான். எங்கள் பிரிவில் ஓயாமல் செலவாகும் மருந்தும் அதுவே.

ஆகவே போதகர்களுக்கும் ஜெபக்குழுத் தலைவர்களுக்கும் எங்கள் தாழ்மையான வேண்டுகோள்: ஜெபத்தை விட வேண்டாம். ஆனால் தினமும் குடிக்கிறவரை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், உபவாசத்தில் உட்கார வைக்காதீர்கள். கட்டிலருகே வந்து ஜெபிக்க எங்கள் வார்டில் யாருக்கும் தடையில்லை.

இந்த முதல் வாரம்தான் பார்வைக்குப் பெரிது. ஆனால் கடினமான பகுதி வீட்டுக்குப் போன பிறகே ஆரம்பிக்கிறது. நல்ல தூக்கம் வர மாதங்கள் ஆகும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். சாயங்காலம் ஆறு மணியானால் கை எதையோ தேடும். இனிப்புக்கு நாக்கு ஏங்கும். சட்டைப் பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொல்லுகிறோம், அது வேடிக்கையல்ல, பலருக்கு உதவியிருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் டாஸ்மாக் கடை இருந்தால், சுற்றுவழியானாலும் வேறு தெருவில் போகச் சொல்லுகிறோம். சனிக்கிழமை கூலி வாங்கும் இடத்துக்கே மனைவியோ மகனோ வந்து நிற்கட்டும் என்கிறோம். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது வந்தாலும் உஷாராயிரு என்று குடிநோயாளிகளிடையே ஒரு பழைய பாடம் உண்டு. முதல் மூன்று மாதங்கள் மிகவும் அபாயமானவை. அந்த மாதங்களில் அவரை யார் தாங்குவது?

இதற்கு விடை கிடைத்த கதை நமக்குப் பிரயோஜனமானது. அமெரிக்காவின் பில் வில்சன் என்ற பங்குச்சந்தை வியாபாரி 1934 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து குடியை நிறுத்தினார். ஆக்ஸ்போர்டு குழு என்ற எழுப்புதல் இயக்கத்தாரின் தொடர்பு அவருக்குக் கிடைத்திருந்தது. புது உற்சாகத்தில் அவர் கண்ட குடிகாரருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணினார். மாதக்கணக்காகப் பேசியும் ஒருவரும் திருந்தவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சில்க்வொர்த், பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டு இது எப்படிப்பட்ட வியாதி என்பதை முதலில் சொல்லுமாறு புத்தி சொன்னார். பிரசங்கபீடத்தில் நிற்கிற எங்களைப் போன்றவர்களுக்கும் அந்தப் புத்திமதி ஆகும்.

1935 மே மாதம் ஏக்ரன் என்ற ஊருக்கு வில்சன் வியாபாரமாகப் போனார். காரியம் தோல்வியில் முடிந்தது. ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம், மறுபக்கம் சுவரில் ஊரிலுள்ள ஆலயங்களின் பட்டியல். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு போதகருக்கு டெலிபோன் செய்து, தாம் குடியாதிருக்க வேண்டுமானால் இன்னொரு குடிகாரரோடு பேசியாக வேண்டும் என்றார். அந்தப் போதகர் போனை வைத்துவிடாமல் சில பெயர்களைக் கொடுத்தாரே, அதை நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்ளுகிறோம். அந்தத் தொடர்பின் வழியாக மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். அவரும் பெருங்குடிகாரர். பதினைந்து நிமிஷம்தான் உட்காருவேன் என்று சொல்லி வந்தவர் இரவு வெகு நேரம் வரை பேசிக்கொண்டிருந்தார். அதன்பின் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் அந்த டாக்டர் மறுபடியும் குடித்துவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். திரும்பி வந்து 1935 ஜூன் 10-ஆம் தேதி கடைசியாகக் குடித்தார். 1950-இல் மரிக்கும்வரை பிறகு தொடவில்லை. அந்த ஜூன் 10-ஐத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. இயக்கம், தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

இதில் மருத்துவமனை ஊழியருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்நாட்களில் குடிகாரர்களை ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொள்ளா. ஏக்ரன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் மேசையில் இருந்த சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரீ, 1939 ஆகஸ்டில் டாக்டர் ஸ்மித்தின் நோயாளி ஒருவரை இரைப்பை அழற்சி என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். குடி நிறுத்தின மற்றவர்கள் வந்து தனியாகப் பேச இடம் வேண்டியிருந்ததால், நோயாளிகளுக்கு வரும் பூக்களை ஒழுங்கு பண்ணும் சிறு அறையில் கட்டில் போட்டார்கள். அந்த அறை பின்னாளில் ஒரு வார்டாக வளர்ந்தது. வீடு திரும்புகிறவர்களுக்கு சிஸ்டர் ஒரு சின்ன திருஇருதயச் சின்னத்தைக் கொடுத்து, மறுபடியும் குடிக்கத் தீர்மானித்தால் முதலில் இதைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குடிக்கவேண்டும் என்பாராம். கடைக்குப் போகும் வழியில் ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்று ஏற்பாடு செய்த அந்த அம்மையாரின் சாமர்த்தியம் பெரிது.

இந்தியாவில் ஏ.ஏ. 1957-இல் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. உள்ளே நடப்பது என்ன என்று கேட்பீர்கள். ஒருவர் எழுந்து தம் பெயரை மட்டும் சொல்லி, தாம் குடிநோயாளி என்று சொல்லி, குடித்த நாளில் நடந்ததையும் இன்று எப்படி இருக்கிறார் என்பதையும் பேசுகிறார். குறுக்கே யாரும் பேசுவதில்லை, புத்தி சொல்லுவதில்லை. பிறகு அடுத்தவர். ஆயுள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்து சலித்தவர்கள்தானே அவர்கள். இன்றைக்கு ஒரு நாள் குடியாமல் இருப்பேன் என்பதே கணக்கு. கூட்டத்தில் சேரக் குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். ஜாதி, மதம், கட்டணம் எதுவும் கேட்பதில்லை. புதியவருக்குப் பழையவர் ஒருவர் துணையாக நிற்பார். இரவு பன்னிரண்டு மணிக்கும் போன் செய்யலாம். அவரை ஸ்பான்சர் என்பார்கள். நம் வாசகர்கள் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் விடுதிப் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புகிறவரை நினைப்பீர்கள். இவர் பணம் ஒன்றும் தருவதில்லை, நேரத்தைத் தருகிறார். 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று, 27 ஆய்வுகளில் 10,565 பேரைப் பற்றிய விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, இக்கூட்டங்களில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருக்கச் செய்வதில் மற்ற சிகிச்சைகளைவிட மேலான பலன் தருகிறது என்று கண்டது.

வீட்டாரைப் பற்றியும் எழுதவேண்டும். குடிக்கிறவரின் மனைவி பத்து வருஷம் தனியாகக் குடும்பத்தை இழுத்திருப்பார். ரேஷன் கார்டு முதல் மகள் ஃபீஸ் வரை அவர் கையில். இப்போது கணவர் தெளிந்து எழுந்து, "இனி நான் பார்த்துக்கொள்ளுகிறேன்" என்றால் அவருக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் வருகிறது. பத்து நிமிஷம் பிந்தி வந்தால், "வாயை ஊதிக் காட்டுங்கள்" என்கிறார். குடிக்காத அன்று அப்படிக் கேட்கப்பட்டவருக்கு அது சுருக்கென்று தைக்கிறது. இருவர் பேரிலும் தப்பில்லை. நம்பிக்கை திரும்புவதற்கு மாத்திரை கிடையாது. வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் குடும்பத்தாருக்கென்றே ஆலனான் என்ற இயக்கத்தைத் தொடங்கினதற்குக் காரணம் இதுவே. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளையை 1980-இல் நிறுவிய சாந்தி ரங்கநாதன் அம்மையாரும் குடியினால் கணவரை இழந்தவரே. குடும்பத்தாருக்கும் சிகிச்சையில் பங்கு வேண்டும் என்பது அங்கிருந்து பலர் கற்ற பாடம்.

மனைவிமார் எங்களிடம் அதிகமாகக் கேட்பது, அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்க ஒரு மருந்து. பத்திரிகைகளிலும் சுவர்களிலும் அப்படித்தானே விளம்பரம். தயவுசெய்து வேண்டாம். டைசல்பிராம் என்ற மாத்திரை 1940-களின் இறுதியில் டென்மார்க்கில் கண்டறியப்பட்டது. அதைச் சாப்பிட்டிருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. தானே அறிந்து, சம்மதித்து, காலையில் மனைவி முன்பாக விழுங்குகிறவருக்கு அது நல்ல வேலியாக நிற்கும். அறியாதவருக்கு அது விஷம். குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்ற மருந்துகளும் இப்போது உண்டு. டாக்டர் ஈரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துத் தகுந்ததைத் தருவார்.

இனி நம் சபைகளைப் பற்றி. திராட்சரசத்தைக் குறித்துப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினதை எடுத்துக்காட்டாத குடிநோயாளியை நாங்கள் அநேகமாகப் பார்த்ததில்லை. வேதத்தில் அந்த ஒரு இடம் மட்டும் அவருக்கு மனப்பாடம். இருக்கட்டும். நற்கருணைப் பாத்திரத்தில் புளித்த ரசம் உபயோகிக்கும் சபைகளில், டைசல்பிராம் சாப்பிடுகிறவருக்கு ஒரு மிடறும் தொல்லை தரலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. மருந்து சாப்பிடாதவருக்கோ அந்த ருசியே பழைய கதவைத் திறந்துவிடலாம். அப்பத்தை மாத்திரம் பெறுவதும் முழுப் பங்கே என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சபை முழுவதும் புளிக்காத சாறுக்கு மாறினால் இன்னும் நல்லது. மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் 1869-இலேயே அதற்கு வழி கண்டுபிடித்தார். கிறிஸ்துமஸ் வீட்டு ஒயினையும் ரம்மில் ஊறின கேக்கையும் உபசாரம் என்று அவர் கையில் திணிக்காதிருங்கள். சில இருமல் டானிக்குகளிலும் ஆல்கஹால் உண்டு.

எங்களை அதிகம் வருத்துவது வேறொன்று. வார்டிலிருந்து போன மூன்றாம் ஞாயிறே அவரை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறார்கள். கைதட்டல், கண்ணீர், போட்டோ. பின்னொரு நாள் சறுக்கினால், எந்த முகத்தோடு ஆலயத்துக்குத் திரும்புவார்? அதே வெட்கமே அவரைக் கடைக்குத் தள்ளுகிறது. ஒரு வருஷமாவது பொறுங்கள். அதுவரை பாய் விரிக்க, விளக்கு ஏற்ற, ஆலயத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். காணிக்கை எண்ணும் பொறுப்பை உடனே கொடுக்காதிருப்பது சந்தேகத்தினால் அல்ல. கையில் பணம் புரளுவது அவருக்கு அந்நாட்களில் சோதனை.

சறுக்கினவரை என்ன செய்வது? அன்றைக்கே அழைத்து வாருங்கள். போதையில் இருக்கும்போது புத்தி சொல்லிப் பயனில்லை. தெளிந்த காலையில் வாருங்கள். மறுபடியும் பல நாள் குடித்திருந்தால் முன்சொன்ன நடுக்கமும் வலிப்பும் மறுபடியும் வரக்கூடும் என்பதால் வீட்டில் வைத்து நிறுத்த முயல வேண்டாம். இரண்டாம் முறை, ஐந்தாம் முறை வந்து நிலைத்தவர்கள் உண்டு. ஓட்டைக் குடம் என்று எழுதின சகோதரருக்கு எங்கள் பதில் இதுவே: சர்க்கரை வியாதிக்காரர் இரண்டாம் முறை படுக்கையில் சேர்ந்தால் அந்தச் செலவு வீண் என்று நீங்கள் எழுதியதில்லை. டாக்டர் ஸ்மித்தும் ஒரு தரம் சறுக்கினவரே.

கடைசியாகப் பணத்தைப் பற்றி. நீங்கள் அனுப்புவது கட்டிலுக்கும், மருந்துக்கும், இரவு நர்சுகளுக்கும், மறுபரிசோதனைக்கு வரும் ஏழைகளின் பஸ் கட்டணத்துக்கும் செலவாகிறது. இதில் பஸ் கட்டணம் சிறிய தொகை. ஆனாலும் அது இல்லாததாலேயே பலர் இரண்டாம் மாதம் வராமல் நின்றுவிடுகிறார்கள். ஏ.ஏ. கூட்டத்துக்கென்று குறித்துச் சிலர் காணிக்கை அனுப்பியிருந்தீர்கள். அதை அவர்களிடம் சேர்க்க முடியவில்லை. வெளியாரின் நன்கொடையை வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி. உங்கள் அனுமதியோடு அந்தத் தொகையைத் தயமின் மருந்துக்குத் திருப்பிக்கொள்ள விரும்புகிறோம். சம்மதத்தை ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள். தூரத்து ஊர்களில் இருப்பவர்கள் ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லாத தேசிய எண்ணை அழைக்கலாம்.

உங்கள் சபையில் வார நாளின் மாலையில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அருகிலுள்ள குழுவாரிடம் சொல்லுகிறோம். வாடகையாக ஒரு சிறு தொகை அவர்களே தருவார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். டீத்தூளும் சர்க்கரையும் அவர்களே கொண்டுவருவார்கள். வாசலில் பெயர்ப்பலகை வேண்டாம், யார் வருகிறார்கள் என்று ஜன்னலில் எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.